மூராவுக்கு ஒரு நாள் போதுமா, அக்கா?

போன இதழில் வேறு எதற்கோ பதில் எழுதும்போது, என் வீட்டு அலமாரியில் நிற்கிற சிவப்பு மரக்குதிரையைப் பற்றி இரண்டு வரி எழுதிவிட்டேன். ஸ்வீடனில் தாலர்னா மாகாணத்து மூராவிலிருந்து வந்தது என்றும் சொல்லியிருந்தேன். அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி குதிரையைப் பற்றி, மீதி அந்த ஊருக்கு வழி கேட்டு. அதனால் இந்த மாதம் முழுக்க மூராதான். 1997-ல் கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் இருப்பது வெஸ்தெரோஸில். சாலாவில் ரயில் மாறினால் மூரா. எத்தனை தடவை போயிருப்பேன் என்று எண்ணி வைக்கவில்லை. இன்னொன்று, அந்த ஊர்ப் பெயர் எழுத்தில் ‘மோரா’ மாதிரி தெரியும், வாயில் ‘மூரா’. என் மாமியார் மட்டும் கடைசி வரைக்கும் "உங்க மோர் ஊரு" என்றேதான் சொன்னார்.

ஜூலையில் ஸ்டாக்ஹோமில் மகள் வீட்டுக்கு வருகிறோம். மூராவுக்கு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா? என் கணவருக்கு 71 வயது, முட்டி வலி உண்டு.
*ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தஞ்சாவூர்*

முடியும் டீச்சர். ஆனால் அப்படிப் போகாதீர்கள். ஸ்டாக்ஹோமிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், ரயிலில் கிட்டத்தட்ட நாலு மணி நேரம். காலையில் கிளம்பி மதியம் இறங்கி, ஒரு குதிரை வாங்கி, ஒரு காபி குடித்து, திரும்ப நாலு மணி நேரம் உட்கார்ந்து வந்தால் முட்டிதான் பேசும். ஊரைப் பார்த்த மாதிரி இருக்காது. குறைந்தது இரண்டு ராத்திரி தங்குங்கள்.

போகும்போது இடது பக்க ஜன்னல் கிடைக்கிறதா என்று பாருங்கள். லெக்சாண்ட் தாண்டியதும் சில்யான் ஏரி அந்தப் பக்கம்தான் கூடவே வரும். ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் விண்கல் விழுந்து உண்டான வட்டப் பள்ளத்தின் விளிம்பில் தேங்கிய தண்ணீர் அது. ஐரோப்பாவிலேயே பெரிய விண்கல் பள்ளம். ஜன்னலிலிருந்து பார்த்தால் பள்ளமாகவும் தெரியாது, வட்டமாகவும் தெரியாது. காடு, தண்ணீர், மறுபடி காடு, நடுவில் சிவப்பு வீடுகள். அந்தச் சிவப்பும் தாலர்னாவின் சொத்துதான். பக்கத்து ஃபாலுன் தாமிரச் சுரங்கத்துக் கழிவு மண்ணிலிருந்து காய்ச்சி எடுக்கிற பெயின்ட். சுரங்கத்தை 1992-ல் மூடிவிட்டார்கள். பெயின்ட் இன்னும் வருகிறது.

ரெட்விக் ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது தண்ணீருக்குள் நீளமாக ஒரு மரப்பாலம் போவது தெரியும். 628 மீட்டர். கணவருக்கு அது போகவர நல்ல நடை, சமதரை. திரும்பும்போது அங்கே இறங்கிக்கொள்ளுங்கள். மூராவில் இரண்டு ஸ்டேஷன் இருக்கிறது. முதலில் வருகிற ‘மூரா’வில் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். அடுத்து ‘மூராஸ்ட்ராண்ட்’, ஏரிக்கரை. சர்ச்சும் மியூசியமும் அங்கிருந்து பக்கம்.

அந்தக் குதிரையை எங்கே செய்கிறார்கள்? செய்வதை நேரில் பார்க்க விடுவார்களா, இல்லை கடை மட்டும்தானா?
*கைவினை ஆசிரியை, புதுச்சேரி*

இந்தக் கேள்விக்குத்தான் நான் காத்திருந்தேன். இடம் நூஸ்னேஸ். மூராவிலிருந்து ஏறக்குறைய 10 கிலோமீட்டர், ஏரிக்கரையோரமாக ஒரு கிராமம். பஸ் உண்டு, ஆனால் நம் ஊர் டவுன் பஸ் மாதிரி நினைக்காதீர்கள். திரும்பும் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். கோடையில் சைக்கிள் வாடகைக்கு எடுத்துப் போவதுதான் எனக்குப் பிடிக்கும்.

பட்டறைகள் இரண்டு, கூப்பிடு தூரத்தில். ‘கிரன்னாஸ் ஏ. ஓல்சன்’ 1922-ல் தொடங்கியது, ‘நில்ஸ் ஓல்சன்’ 1928-ல். உள்ளே போகக் காசு கிடையாது. வார நாளில் காலையில் போங்கள். சனி ஞாயிறு என்றால் கடை திறந்திருந்தாலும், வேலை செய்கிற கையைப் பார்க்க முடியாது.

மெதுவாக வளர்ந்த பைன் பலகையில் குதிரை உருவத்தை அச்சு வைத்து, பட்டை ரம்பத்தில் அறுக்கிறார்கள். அங்கே கிடைப்பது முரட்டு, சதுரக் குதிரை. அது பெட்டி பெட்டியாக அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகிறது. வீட்டில் உட்கார்ந்து கத்தியால் செதுக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு அது காலங்காலமாக வரும் குடும்பத் தொழில். செதுக்கி வந்ததை வண்ணத்தில் முக்கி, குழிகளில் மக்கு வைத்து அடைத்து, தேய்த்து, மறுபடி முக்கி எடுக்கிறார்கள். அதற்கப்புறம்தான் தூரிகை. கடைசியில் வார்னிஷ். கையால் செதுக்குவதால் ஒன்று போல் இன்னொன்று இருக்காது. வரிசையில் நிற்கிற இருபது குதிரைகளில் ஒன்று கொஞ்சம் முறைக்கும், ஒன்று தூங்கி வழியும். நான் எப்போதும் தூங்குமூஞ்சியைத்தான் எடுப்பேன்.

முதுகில் இருக்கிற பூவேலைக்குக் ‘குர்பிட்ஸ்’ என்று பெயர். அது எங்கிருந்து வந்தது தெரியுமா? பைபிளிலிருந்து. யோனா தீர்க்கதரிசி வெயிலில் உட்கார்ந்திருக்கும்போது அவர் தலைக்கு நிழலாக ஒரே ராத்திரியில் ஒரு செடி முளைக்குமே, பழைய ஸ்வீடிஷ் பைபிளில் அதன் பெயர் குர்பிட்ஸ், சுரைக்கொடி வகை. நம் தமிழ் பைபிளில் அது ஆமணக்குச் செடி! ஒரே செடி, இங்கே சுரை, அங்கே ஆமணக்கு. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ரெட்விக், லெக்சாண்ட் பக்கத்து ஓவியர்கள் ஊர் ஊராகப் போய் வீட்டுச் சுவர்களில் பைபிள் கதைகளை வரைவார்கள். கதையில் வருகிறவர்கள் எல்லாரும் தாலர்னா ஆட்கள் மாதிரியே உடுத்தியிருப்பார்கள். காலியாக இருக்கிற இடத்திலெல்லாம் இந்தக் கொடி ஏறிப் பூத்துக் குலுங்கும். அந்தக் கொடிதான் குதிரையின் சேணத்திலும் ஏறிக்கொண்டது.

வண்ணம் தீட்டாத குதிரையும் விற்பார்கள், வாங்கி நாமே வரையலாம். எனக்கு அதில் ஒரு திமிர் இருந்தது. மதுரையில் மார்கழி பூரா வாசலை அடைத்துக் கோலம் போட்டவள் நான், நெளிகோடு எனக்கு என்ன பெரிய விஷயம் என்று உட்கார்ந்தேன். தூரிகையின் ஒரு ஓரத்தில் வெள்ளை, மறு ஓரத்தில் நீலம். இரண்டையும் ஒரே இழுப்பில் இழுத்தால், ஒரு பக்கம் வெளுத்து மறு பக்கம் கறுத்து, இதழ் தானாகவே மடங்கின மாதிரி வரும். மூரா பக்கத்து ரீசா என்ற சிற்றூரைச் சேர்ந்த ஸ்டீக்கோ எரிக் ஹான்சன் என்பவர் கொண்டுவந்த வித்தை என்று சொல்வார்கள். எனக்கு வந்தது இதழ் இல்லை, புழு.

பக்கத்தில் வரைந்துகொண்டிருந்த அம்மாள் என் கையைப் பார்த்துவிட்டு, "நீ மேலேயிருந்து போடுகிறாய்" என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். கோலத்தில் விரல் தரையைத் தொடாது, மாவுதான் விழும். கை எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு மெல்லிய இழை. இதில் அழுத்தம்தான் எல்லாம். தொடங்கும்போது நுனி மட்டும் தொட வேண்டும், நடுவில் அமுக்க வேண்டும், முடிவில் தூக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். அதுவும் தட்டையான தரையில் இல்லை, உருண்ட வயிற்றில்! குதிரையைப் பிடித்திருக்கிற இடது கை கூடவே திரும்ப வேண்டும். அந்த அம்மாளுக்கு ஒரு குதிரைக்குச் சில நிமிஷம் போதும், பேசிக்கொண்டே போடுகிறார். நான் ஒரு மணி நேரம் போராடி ஒரு பக்கம் முடித்தேன். மறு பக்கம் இன்றைக்கும் வெறும் சிவப்பு. அலமாரியில் அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து நிற்கிறது.

மரக்குதிரையைக் கொலுவில் வைக்கலாமா? ஏதாவது சாமி சம்பந்தப்பட்டதா?
*வாசகி, மயிலாப்பூர்*

தாராளமாக வையுங்கள். சாமி கிடையாது, குழந்தை விளையாட்டுச் சாமான். குளிர்காலத்தில் காட்டு வேலைக்குப் போனவர்கள் ராத்திரி அடுப்பங்கரையில் உட்கார்ந்து, மிச்ச மரத்தில் வீட்டுப் பிள்ளைகளுக்குச் செதுக்கியது. பிறகு பண்டமாற்றாகக் கை மாறியது, அப்புறம் சந்தைக்கு வந்தது. 1939-ல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் அரங்கத்தில் பெரிய குதிரை ஒன்றை நிறுத்தினார்கள். அமெரிக்கர்கள் பார்த்துச் சொக்கிப்போய் ஆயிரக்கணக்கில் கேட்க, நூஸ்னேஸ்காரர்களுக்குக் கை ஓயவில்லை. அன்றைக்கு விளையாட்டுச் சாமானாகப் போனது நாட்டுச் சின்னமாகத் திரும்பி வந்தது.

என் வீட்டில் மூன்றாவது படியில், செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கும். பார்க்க வருகிற ஸ்வீடிஷ் தோழிகள் அதைக் கண்டால்தான் அப்பாடா என்கிறார்கள், மற்றதெல்லாம் அவர்களுக்குப் புதுசு. காரில் வருகிறவர்கள் 70-ம் நம்பர் சாலையில் அவெஸ்டா ஊரைத் தாண்டும்போது கான்கிரீட்டில் 13 மீட்டர் உயரக் குதிரை நிற்பதைப் பார்க்கலாம். முதல் தடவை அதைப் பார்த்ததும் என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஊர் எல்லையில் இவ்வளவு பெரிய குதிரை நின்றால் அய்யனார் எங்கேயென்றுதானே தேடத் தோன்றும்?

வாங்கும்போது வயிற்றுக்கு அடியில் பட்டறையின் ஒட்டுத்தாள் இருக்கிறதா பாருங்கள். ஸ்டாக்ஹோம் பழைய நகரத்துக் கடைகளில் எல்லாமே நூஸ்னேஸ் சரக்கு இல்லை.

கோத்தன்பர்கில் வேலை. ஆபீஸ் நண்பர்கள் எல்லாரும் வாசலோப்பெட்டுக்குப் பதிவு செய்கிறார்கள், என்னையும் இழுக்கிறார்கள். நான் பனியையே பார்த்தது இரண்டு வருஷமாகத்தான். ஓடலாமா?
*மென்பொருள் பொறியாளர், சொந்த ஊர் விருதுநகர்*

தம்பி, 90 கிலோமீட்டர். மறுபடி படியுங்கள், 90.

ஸ்வீடன்காரர்களுக்கு மூரா என்றதும் நினைவு வருவது குதிரையைவிட இந்தப் பனிச்சறுக்குப் பந்தயம்தான். மார்ச் முதல் ஞாயிறு, சேலென் பக்கத்திலிருந்து மூரா வரைக்கும் (சேலென், சேலம் இல்லை). பின்னால் ஒரு கதை. 1520 நவம்பரில் டென்மார்க் அரசன் இரண்டாம் கிறிஸ்தியான் ஸ்டாக்ஹோமில் பிரபுக்களைக் கொத்தாக வெட்டிச் சாய்த்தான். செத்தவர்களில் குஸ்தாவ் வாசா என்ற இளம் ஸ்வீடிஷ் பிரபுவின் அப்பாவும் உண்டு. குஸ்தாவ் மூராவுக்கு வந்து, அந்த அரசனை எதிர்த்து "என்னோடு எழுந்து வாருங்கள்" என்று கேட்டான். ஊர் யோசித்தது, மறுத்துவிட்டது. அவன் நார்வேப் பக்கம் கிளம்பிவிட்டான். அதற்கப்புறம் மூராக்காரர்களுக்கு மனசு மாறி, பனிச்சறுக்கில் கெட்டிக்காரர்கள் இருவரை விரட்டி அனுப்ப, அவர்கள் சேலெனில் அவனைப் பிடித்துத் திருப்பிக் கூட்டி வந்தார்கள். 1523-ல் ஸ்வீடனுக்கு அவன் அரசன். பந்தயத்தின் திசையைக் கவனியுங்கள். அவன் ஓடிய வழியில் அல்ல, திரும்பி வந்த வழியில் ஓடுகிறார்கள். ஊர் தன் தப்பைத் திருத்திக்கொண்ட வழி.

1922-ல் இப்படி ஒரு பந்தயம் நடத்தலாமே என்று பத்திரிகையில் எழுதியவர் ஆண்டர்ஷ் பேர்ஷ், எங்கள் வெஸ்தெரோஸ் பத்திரிகையின் ஆசிரியர். எழுதினது பிப்ரவரியில், மார்ச்சிலேயே நடந்துவிட்டது! 119 பேர் ஓடினார்கள். இப்போது ஒரே காலையில் பதினைந்தாயிரம் பேருக்கு மேல் கிளம்புகிறார்கள். அடுத்த வருஷம், 1923-ல், மார்கிட் நூர்டின் என்ற உடற்பயிற்சி ஆசிரியை பத்து மணி நேரம் சொச்சத்தில் ஓடி முடித்தார். பாராட்டினார்களா? 1924-லிருந்து பெண்கள் ஓடக் கூடாது என்று தடை போட்டார்கள். 1981 வரைக்கும் தடை. இந்தக் கணக்கைக் கேட்ட அன்றைக்குத்தான் நான் பெண்களுக்கான ‘ஷேய்வாசன்’ பந்தயத்துக்குப் பதிவு செய்தேன். வயது 46. ஓக்ஸ்பேரியிலிருந்து மூரா வரைக்கும் 30 கிலோமீட்டர்.

இரண்டு குளிர்காலம் பழகிவிட்டுத்தான் போனேன். பாதை டிராம் தண்டவாளம் மாதிரி, பனியில் இரண்டு இரண்டு பள்ளத் தடம். அதற்குள் காலில் மாட்டிய சறுக்குக்கட்டையை வைத்துவிட்டால் அது பாட்டுக்குப் போகும். சமதரையில் சொர்க்கம். இறக்கத்தில்தான் என் குலதெய்வமெல்லாம் வந்து போயின. முன்னால் ஒருத்தர் விழுந்தால் அவர் மேல் நாம், நம் மேல் இன்னொருத்தர். நாலு தடவை விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு பெண் நின்று குச்சியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நடுவில் நிற்கிற இடங்களில் சூடாக ப்ளூபெரி கஞ்சி கொடுப்பார்கள். கேழ்வரகுக் கூழ் பதம், நாவல்பழ நிறம், இனிப்பு. முதல் டம்ளர் குடிக்கும்போது இது என்ன மருந்து என்று நினைத்தேன். எல்ட்ரிஸ் என்ற கடைசி நிறுத்தத்தில், மூரா இன்னும் ஒன்பது கிலோமீட்டர் இருக்கும்போது, மூன்று டம்ளர் குடித்தேன். ஊருக்குள் நுழைந்ததும் சர்ச் கோபுரம் தெரியும். தெரிந்துகொண்டே இருக்கும், வராது. கடைசி வளைவில் அழுதுகொண்டே வந்தேன் என்று என் மகள் சொல்கிறாள், எனக்கு ஞாபகமில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் வீட்டு மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன்.

உங்களுக்கு என் பதில்: முதல் வருஷம் 30 கிலோமீட்டர் ‘வாசலோப்பெட் 30’ (முன்பு ‘கோர்ட்வாசன்’ என்பார்கள்) ஓடுங்கள். சரியாக வந்தால் அப்புறம் 45. உள்ளாடையில் பருத்தி வேண்டாம், கம்பளி நூல். வேர்வையில் நனைந்த பனியன் மைனஸ் பதினைந்தில் என்ன செய்யும் என்பதை ஒரு தடவை அனுபவித்தால் போதும். சறுக்குக்கட்டையின் அடியில் எந்த மெழுகு தேய்ப்பது என்பதைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். அன்றைய குளிரைப் பார்த்துத் தேய்க்க வேண்டிய சமாசாரம், தப்பினால் ஏற்றத்தில் பின்னால் வழுக்கும். இல்லையென்றால் கோடையில் வாருங்கள். அதே சேலென்–மூரா வழியில் நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 90 கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பனிதான் வேண்டும் என்று யார் சொன்னது?

ஏழு பேர் குடும்பமாக வருகிறோம், சுத்த சைவம். எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது?
*வாசகர், கும்பகோணம்*

ஏழு பேர் என்றால் ஓட்டல் வேண்டாம், சமையலறையோடு ‘ஸ்டூகா’, அதாவது மர வீடு வாடகைக்கு எடுங்கள். ஒரு விஷயத்தைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: பெரும்பாலும் படுக்கை விரிப்பு, துண்டு எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும், கிளம்பும்போது வீட்டைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் சாவி கொடுக்க வேண்டும். வேண்டாமென்றால் தனியாகக் காசு கட்ட வேண்டும்.

1998-ல் எங்களுக்கு இது தெரியாது. அதுவும் போனது எந்த நாளில்? மிட்சம்மர் முந்தின நாள், ஜூன் 19, வெள்ளிக்கிழமை. இந்த நாட்டில் அதுதான் பொங்கலும் தீபாவளியும் சேர்ந்த மாதிரி. மதியமே கடையெல்லாம் மூடிவிட்டார்கள். கையில் ஒரு ரொட்டி, ஒரு மாங்காய் ஊறுகாய் பாட்டில், எட்டு மாதக் குழந்தை. மெத்தையில் விரிக்க என் இரண்டு சேலை. எதிர்வீட்டுக் கிழவர் ஜன்னல் வழியாகச் சேலையைப் பார்த்தாரோ என்னவோ, ஒரு பாத்திரம் நிறையப் புது உருளைக்கிழங்கு, சோம்புத்தழை மாதிரி இருக்கிற டில் தழை போட்டு வேகவைத்தது, கொண்டு வந்து கொடுத்தார். ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு தின்றோம். அவருக்கும் கொஞ்சம் ஊறுகாய் கொடுத்தோம். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. சாயங்காலம் எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். இலை சுற்றிய கம்பத்தை ஊரே கூடித் தூக்கி நிறுத்தும், சுற்றிச் சுற்றித் தவளை மாதிரி குதித்து ஆடும், பிடில்காரர்கள் நிறுத்தாமல் வாசிப்பார்கள். லெக்சாண்டில் நடப்பதுதான் பெரிய கூட்டம். எனக்குப் பிடித்தது அந்தப் பெயர் தெரியாத கிராமத்து மைதானம்தான். ராத்திரி பதினொன்று, பேப்பர் படிக்கிற வெளிச்சம். குழந்தை தூங்கவே இல்லை.

மிட்சம்மருக்கு வருவதானால் மாதக்கணக்கில் முன்னதாக வீடு பிடியுங்கள், சாமானை வியாழக்கிழமையே வாங்கிவிடுங்கள். சைவத்துக்கு: சூப்பர்மார்க்கெட்டில் காய், பால், தயிர், பருப்பு எல்லாம் கிடைக்கும். சில சீஸில் பாலை உறைய வைக்கக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கிற பொருள் இருக்கும், மிட்டாயில் ஜெலட்டின் இருக்கும், பாக்கெட்டைப் படியுங்கள். தட்டு மாதிரி வட்டமான, நடுவில் ஓட்டை போட்ட மொறுமொறு ரொட்டி கிடைக்கும். அந்தக் காலத்தில் கம்பில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடத்தான் அந்த ஓட்டை. காபிக்கடையில் ஏலக்காய் பன் கேளுங்கள். ஏலக்காயை நுணுக்காமல் கொரகொரவென்று உடைத்துப் போடுவார்கள். நம்மூர்க் கேசரிக்காரர்கள் இவர்களிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். காசு நோட்டை எங்கும் நம்பாதீர்கள், கார்டுதான். கிராமத்துச் சந்தையில் ‘ஸ்விஷ்’ என்பார்கள், அது இங்கே பேங்க் கணக்கு இருப்பவர்களுக்கு மட்டும்.

உப்சாலாவில் படிக்கிறேன். காட்டில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்கிறார்களே, நிஜமா?
*மாணவி, திருச்சி*

‘எங்கே வேண்டுமானாலும்’ இல்லை, ஆனால் நம் நாட்டுக் கணக்கில் பார்த்தால் நம்ப முடியாத அளவுக்குத் தாராளம். ‘அல்லமான்ஸ்ரெட்டென்’ என்பார்கள், எல்லாருக்குமான உரிமை. அடுத்தவர் காட்டிலும் நடக்கலாம், ஓரிரு ராத்திரி கூடாரம் அடிக்கலாம், ஏரியில் குளிக்கலாம், ப்ளூபெரியும் காளானும் பறிக்கலாம். கணக்கு ஒன்றுதான்: தொந்தரவு செய்யாதே, நாசம் செய்யாதே. வீட்டு முற்றத்துப் பக்கம் போகக் கூடாது, விளைநிலத்தை மிதிக்கக் கூடாது. மீன்பிடிக்கிறது இந்த உரிமையில் வராது, சில்யானில் தூண்டில் போட அட்டை வாங்க வேண்டும். வறண்ட கோடையில் தீ மூட்டத் தடை வரும். அன்றைக்குத் தடை இருக்கிறதா என்று பார்க்காமல் அடுப்புப் பற்ற வைக்காதீர்கள்.

ப்ளூபெரி ஜூலைக் கடைசியிலிருந்து, லிங்கன்பெரி செப்டம்பரில். பறிக்கப் பல் வைத்த முறம் மாதிரி ஒரு கருவி விற்கிறது, அள்ளிக்கொண்டு வரும், கூடவே இலையும் வரும், வீட்டில் உட்கார்ந்து பொறுக்க வேண்டும். கொசு பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை, நீங்கள் திருச்சி. கொசுவைவிடப் பொடி, ‘க்நொட்’ என்று ஒன்று உண்டு, அது கடிக்கும்போது தெரியாது, மறுநாள் தெரியும். உண்ணியும் உண்டு, ராத்திரி முட்டிக்குப் பின்புறம் தடவிப் பாருங்கள். குளிர்காலத்தில் ஏரி உறைந்து கிடக்கும்போது, மற்றவர்கள் போகிறார்களே என்று நீங்களாக இறங்காதீர்கள். ஊர்க்காரர் ஒருவர் துணையும் கழுத்தில் தொங்குகிற இரண்டு ஆணிக் குச்சிகளும் இல்லாமல் நான் காலெடுத்து வைக்க மாட்டேன். பனிக்கட்டி உடைந்து உள்ளே விழுந்தால் குத்திப் பிடித்து ஏறத்தான் அந்த ஆணி.

மூராவில் வடதிசை ஒளி தெரியுமா?
*வாசகர், ஓசூர்*

எப்போதாவது. அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள், அதற்கு வடகோடியில் இருக்கிற கிருனா பக்கம் போக வேண்டும்.

மழை பெய்தால் என்ன செய்வது? குழந்தைகளோடு வருகிறோம்.
*வாசகி, சிங்கப்பூர்*

மழை பெய்யும், சந்தேகமே வேண்டாம். சோர்ன் மியூசியத்துக்குப் போங்கள். ஆண்டர்ஷ் சோர்ன் (1860–1920) மூராவில் பிறந்தவர். அம்மா உள்ளூர், அப்பா ஜெர்மன்காரர், பீர் காய்ச்சுகிறவர். அப்பாவை அவர் பார்த்ததே இல்லை. அந்தப் பிள்ளை வளர்ந்து அமெரிக்க ஜனாதிபதிகளை உட்கார வைத்து வரைந்தது, கை நிறையச் சம்பாதித்து ஊருக்கே திரும்பி வந்தது. பழைய மர வீடுகளை யாரும் விறகுக்கு உடைத்துவிடக் கூடாதென்று விலைக்கு வாங்கிப் பிரித்து ஓரிடத்தில் கொண்டுவந்து கட்டினார். 1906-ல் பக்கத்து யேசுண்டாவில் கிராமியப் பிடில்காரர்களுக்குப் போட்டி வைத்ததும் அவர்தான். மியூசியத்தில் அவருடைய நீர்வண்ணத் தண்ணீரைப் பாருங்கள். தண்ணீரைத் தண்ணீராலேயே வரைந்த கை. குழந்தைகளுக்கு அலுத்துவிடும் என்றால் பக்கத்தில் நிற்கிற குஸ்தாவ் வாசா சிலையைக் காட்டுங்கள், அதுவும் அவர் செய்ததுதான், 1903. சோர்ன் வாழ்ந்த வீட்டைப் பார்க்க வழிகாட்டியோடுதான் விடுவார்கள், நேரம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மூரா கத்தி பிரபலமாமே, அண்ணனுக்கு ஒன்று வாங்கி வரலாமா?
*வாசகர், நாகர்கோவில்*

வாங்கலாம், நல்ல பரிசு. மூராவை ஒட்டிய ஓஸ்ட்நூர் கிராமம்தான் அதன் ஊர், 1891-லிருந்து செய்கிறார்கள். நான் கரண்டி செதுக்கக் கற்றுக்கொண்டதும் அந்தக் கத்தியில்தான், இடது கட்டைவிரலில் வெள்ளையாக ஒரு கோடு அதன் கையெழுத்து. மரப்பிடி, சின்ன அலகு, விலையும் கையைக் கடிக்காது. ஆனால் இந்த நாட்டில் காரணமில்லாமல் தெருவில் கத்தி வைத்துக்கொண்டு நடப்பது குற்றம். வாங்கினதும் பெட்டியோடு பைக்குள் அடியில் போடுங்கள், ஊருக்குக் கிளம்பும்போது பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வேண்டவே வேண்டாம். என் தம்பி வைத்தான். சோதனையில் எடுத்து ஒரு தொட்டியில் போட்டார்கள். எட்டிப் பார்த்தானாம், உள்ளே அதே சிவப்புப் பிடிக் கத்தி இன்னும் நாலு கிடந்ததாம்.